கப்பலேறிப் போனவர்களின் ஊரைத் தேடுகிறீர்களா? வடசென்னையிலிருந்து சில பதில்கள்

டர்பன், போர்ட் லூயி, சுவா, கிள்ளான் என்று எங்கெங்கோ இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குத் தங்கள் முன்னோரைப் பற்றித் தெரிந்தது பல நேரம் ஒரே ஒரு செய்திதான்: சென்னையில் கப்பலேறினார்கள். அதனால் துறைமுகத்தை ஒட்டி ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, மண்ணடி பக்கம் வாழும் எங்களிடம், "உங்க ஊர்லதானே ஏறினாங்க, கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுங்களேன்" என்று கேட்கிறார்கள். இங்குள்ள பர்மா குடும்பங்களுக்கும் இதே தேடல் உண்டு. அப்படி வரும் கேள்விகளுக்கு வழக்கமாக நான் சொல்லும் பதில்கள் இவை.

எங்கிருந்து தொடங்குவது? சென்னைத் துறைமுகத்தில் பழைய பயணிகள் பட்டியல் இருக்குமா?

சென்னையில் தொடங்காதீர்கள். முதலில் சொல்ல வேண்டியதும் முக்கியமானதும் இதுதான். ஒப்பந்தக் கூலியாகப் போன ஒவ்வொருவருக்கும் பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் எழுதிய தாள் ஒன்று இருந்தது. அந்தத் தாள் ஆளோடு கப்பலில் போய்விட்டது. அங்கே இறங்கியதும் அந்த நாட்டு அதிகாரிகள் அதைப் பார்த்துத் தங்கள் பேரேட்டில் ஏற்றினார்கள். ஆகவே உங்கள் பாட்டன் பிறந்த ஊரின் பெயர் அவர் இறங்கிய நாட்டின் ஆவணத்தில்தான் இருக்க வாய்ப்பு அதிகம். ஊர் பெயர் கைக்கு வரும்வரை சென்னைக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம். வந்தால் கடற்கரையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

அதற்கும் முன்னால் வீட்டில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பெரியவர்கள் இருந்தால், குறிப்பாகப் பாட்டிமார்கள் இருந்தால், உட்காரவைத்துப் பேசி ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள். எந்தச் சாமிக்குப் பொங்கல் வைத்தார்கள், கிடா வெட்டினார்களா, சைவப் படையலா, காதுகுத்துக்கு யார் மடியில் பிள்ளையை உட்காரவைத்தார்கள், இதெல்லாம் கேளுங்கள். குலதெய்வத்தின் பெயர் பின்னால் மிகவும் உதவும். பச்சையம்மன், மன்னார்சாமி, அங்காளம்மன் என்று ஏதோ ஒரு பெயரைப் பாட்டி சொல்வார். ஆண்கள் மறந்துவிட்ட இந்த விஷயங்களைப் பெண்கள் காப்பாற்றி வைத்திருப்பதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

எங்கள் கொள்ளுத்தாத்தா நேட்டாலுக்குப் போனவர். என்ன கிடைக்கும்?

நல்ல செய்தி. தேடுவதற்கு ஓரளவு எளிதான நாடு தென்னாப்பிரிக்காதான். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் நவம்பர் 16-ஆம் தேதி டர்பனை அடைந்தது. அதிலிருந்து 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தத்தில் நேட்டாலுக்குப் போனார்கள். மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதவர்கள் சென்னையில் ஏறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்தார்கள். குடியேற்ற எண் என்று சொல்லலாம். கப்பல் பட்டியலில் அந்த எண்ணுக்கு எதிரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு வரைக்கும் எழுதியிருப்பார்கள்.

அந்த எண்ணைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. பழைய திருமணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புப் பதிவு, இறந்தவரின் சொத்துக் கோப்பு ஆகியவற்றில் அது அடிக்கடி இருக்கும். எண் கிடைத்தால் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகங்களில் உள்ள குடியேற்றத் துறைக் கோப்புகளையும் பார்க்கலாம். தோட்டத்தில் அடி வாங்கியதற்கான புகார், ஊருக்குத் திரும்ப அனுமதி கேட்ட மனு, இங்கே விட்டுவந்த மனைவியைப் பற்றிய விசாரிப்பு போன்றவை அங்கே இருக்கின்றன. பட்டியலில் ஒரே வரியாக இருந்த மனிதர் அந்தக் கோப்பில் வாய் திறந்து பேசுவார். எண்ணோடு நிறுத்திவிடாமல் கோப்புகளையும் தேடுங்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

சொந்தச் செலவில் வியாபாரத்துக்குப் போனவர்கள் இந்தப் பட்டியலில் இருக்க மாட்டார்கள்.

மொரீசியஸ், பிஜி, ரீயூனியன்?

மொரீசியஸில் மோகா என்ற ஊரில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இந்தியக் குடியேற்ற ஆவணங்கள் இருக்கின்றன. 1834 முதல் போனவர்களின் பேரேடுகள் அவை. 1860-களிலிருந்து ஆட்களைப் புகைப்படமும் எடுத்தார்கள். கொள்ளுப்பாட்டனின் முகத்தையே பார்க்கக் கிடைக்கும் அரிய வாய்ப்பு இது. நீங்கள் அவருடைய வழிவந்தவர் என்று காட்டும் பிறப்பு, திருமணச் சான்றிதழ்களை வரிசையாகச் சேர்த்துக்கொண்டு போங்கள்.

பிஜிக்கு 1879 முதல் 1916 வரை 60,000-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். தொடக்கத்தில் எல்லாக் கப்பல்களும் கல்கத்தாவிலிருந்துதான் போயின. சென்னையிலிருந்து ஆள் அனுப்பியது 1903-க்குப் பிறகு. அதனால் உங்கள் குடும்பத்தார் "1890-லேயே வந்தோம்" என்று சொன்னால் கல்கத்தா வழியும் பார்க்க வேண்டும். சுவாவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் குடியேற்றச் சீட்டுகள் இருக்கின்றன. நெருங்கிய உறவினர் பெயரும் அதில் உண்டு. ஊரில் போய் விசாரிக்கும்போது அந்த இரண்டாவது பெயர் பெரிய துணை.

ரீயூனியன், குவாடலூப், மார்டினிக் மூன்றும் பிரெஞ்சுத் தீவுகள். அங்கே போனவர்களில் மிகப் பலர் பாண்டிச்சேரி, காரைக்காலில் ஏறியவர்கள். பிரான்ஸில் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரில் உள்ள கடல்கடந்த பிரதேசங்களின் ஆவணக் காப்பகம் இந்தத் தீவுகளின் பழைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளை இணையத்தில் போட்டிருக்கிறது. காசு கேட்பதில்லை. பிரெஞ்சு தெரிந்த ஒருவரை மட்டும் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

மலேயாவுக்குப் போனவர்களுக்கு?

இது கஷ்டம். 1910-இல் ஒப்பந்த முறையை நிறுத்திய பிறகு கங்காணி, அதாவது தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி, கூட்டிப் போனவர்களே அதிகம். நேட்டால் போல ஒவ்வொரு பெயரையும் கிராமத்தோடு எழுதிய ஒரே பட்டியலை அங்கே எதிர்பார்க்க முடியாது. ஆனால் ஒரு வசதி இருக்கிறது: மலேயாக்காரர்கள் போய்ப் போய் வந்தார்கள். நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே ரஜூலா கப்பல் 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. அதில் போய்வந்தவர்களிடம் பாஸ்போர்ட் இருந்திருக்கும். பாஸ்போர்ட்டில் பிறந்த ஊர் இருக்கும். டிரங்குப் பெட்டியில் பழைய பாஸ்போர்ட், மணியார்டர் ரசீது, ஊரிலிருந்து வந்த தபால் உறை இருக்கிறதா என்று பாருங்கள். உறையின் மேல் உள்ள தபால் முத்திரை ஊரைச் சொல்லிவிடும்.

கங்காணி தன் சொந்த ஊரிலும் அக்கம்பக்கத்திலும்தான் ஆள் சேர்த்தார். ஆகவே அதே தோட்டத்தில் வேலை செய்த இன்னொரு குடும்பத்துக்குத் தங்கள் ஊர் தெரிந்திருந்தால், உங்கள் ஊரும் அதிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கலாம்.

பட்டியலில் தேடினேன். பெயரே வரவில்லை.

எழுத்தர் தன் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியது அது. ஒலியை வைத்துத் தேடுங்கள், எழுத்தை வைத்துத் தேடாதீர்கள். முனுசாமி, ஆறுமுகம், குப்பம்மாள் மூன்றையும் பத்து விதமாக எழுதியிருப்பார்கள். தென்னாப்பிரிக்காவில் கோவெண்டர் என்றால் கவுண்டர், மூட்லி என்றால் முதலியார், படையாச்சி என்றால் படையாட்சி. இன்று குடும்பப் பெயராக இருப்பது அன்று ஒரு தாத்தாவின் சொந்தப் பெயராகவும் இருந்திருக்கும். வீராசாமி என்ற குடும்பப் பெயரை ஊரில் போய்க் கேட்டால் யாருக்கும் புரியாது. வீராசாமியின் தகப்பன் யார் என்பதுதான் கேள்வி.

பெயரை விட்டுவிட்டுக் கப்பல் பெயர், வந்த வருடம், வயது மூன்றையும் சேர்த்து வடிகட்டினாலும் ஆள் சிக்குவார். மனைவி, குழந்தைகள், தம்பி எல்லோரும் அடுத்தடுத்த எண்களில் இருப்பார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

தாளில் உள்ள சாதியும் வீட்டில் சொல்லும் சாதியும் ஒத்துப்போகவில்லையே?

ஒத்துப்போகாமல் இருப்பது மிகச் சாதாரணம். கப்பலேறும் முன் ஆட்களைத் தங்கவைத்த டிப்போவில் சிலர் வேறு சாதிப் பெயர் சொன்னார்கள். சிலருக்கு எழுத்தரே ஏதோ எழுதினார். இங்கே ஊர்த் தெருவில் நடக்கக்கூட விடாத சாதியிலிருந்து தப்பித்துப் போனவர், அக்கரையில் புதுப் பட்டத்தோடு வாழத் தொடங்கியதும் உண்டு. அதில் அவமானம் எதுவும் இல்லை. அந்த மனிதருக்கு வேறு வழி இருந்திருக்காது. தாளில் உள்ளது உங்கள் வீட்டுப் பேச்சுக்குக் கீழானது என்று நினைத்து அந்தத் தாளையே ஒதுக்கிவிடும் குடும்பங்களைப் பார்த்து வருந்துகிறேன். ஊரைத் தேட அது தேவைப்படும். எந்தத் தெருவில், எந்தக் கோயிலில், யாரிடம் விசாரிப்பது என்பது இன்றும் அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. தலித் குடியிருப்பின் மூத்தவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வியை ஊர்த் தெருவில் கேட்டுக்கொண்டிருந்தால் பதில் வராது.

ஊர் பெயர் கிடைத்தது. ஆனால் வரைபடத்தில் அப்படி ஒரு ஊர் இல்லை.

தாலுகாவைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஊர் பெயரைவிடத் தாலுகா பெயரில் பிழை குறைவு. அப்புறம் அந்தத் தாலுகா இன்று எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பழைய வட ஆற்காடு ஜில்லாவைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். 1911-இல் சித்தூர் தனி ஜில்லாவாகப் பிரிந்து இன்று ஆந்திராவில் இருக்கிறது. 1989-இல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ஆக "வட ஆற்காடு, போளூர் தாலுகா" என்றால் வேலூருக்குப் போகக் கூடாது, திருவண்ணாமலை மாவட்டத்துக்குப் போக வேண்டும். திருத்தணி 1960-இல்தான் ஆந்திராவிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தது.

தாலுகா தெரிந்த பிறகு, அந்தத் தாலுகாவின் வருவாய்க் கிராமப் பட்டியலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பெயரையும் உரக்கப் படியுங்கள். உங்கள் தாளில் உள்ள எழுத்துக்கூட்டலோடு எது ஒலியில் பொருந்துகிறது என்று காது சொல்லும். ஒரு வருவாய்க் கிராமத்துக்குள் பல குக்கிராமங்கள் இருக்கும் என்பதால் 1951, 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடுகளையும் பாருங்கள். எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் கேட்கலாம்.

வட ஆற்காட்டுக்காரர்கள் ஏன் இத்தனை பேர் என்று கேட்பவர்களுக்கு: ராயபுரம் ரயில் நிலையம் 1856-இல் திறந்தபோது அங்கிருந்து ஓடிய முதல் பாதை ஆற்காட்டுப் பக்கம் வாலாஜா ரோடு வரை போனது. பஞ்சத்தில் வெளியேறியவர்களுக்குத் துறைமுகத்துக்கு வர அது ஒரு வழி. அன்று துறைமுகம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. கப்பல் தூரத்தில் நிற்கும். மசூலா படகில் அலையைத் தாண்டி ஏற வேண்டும். துறைமுகம் கட்டத் தொடங்கியது 1870-களில்தான்.

எங்கள் தாளில் ஊர் என்ற இடத்தில் "சென்னை" என்றே இருக்கிறது.

உண்மையிலேயே சென்னைக்காரராக இருக்கலாம். பிழைக்க வந்து சில காலம் இங்கே கூலிவேலை பார்த்துவிட்டுக் கப்பலேறியவராகவும் இருக்கலாம். 1876 முதல் 1878 வரை நடந்த தாது வருடப் பஞ்சத்தில் கிராமத்துச் சனம் இங்கே வந்து குவிந்தது. நகருக்குள் ஓடும் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதியே அந்தப் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டியதுதான். அந்த வருடங்களில் "சென்னை" என்று இருந்தால் அதை ஊராக நம்பாமல், கூடப் போன உறவினர்களின் தாள்களையும் எடுத்துப் பாருங்கள். தம்பியின் தாளில் கிராமம் இருக்கக்கூடும்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. "செங்கல்பட்டு ஜில்லா, சைதாப்பேட்டை தாலுகா" என்று இருந்தால் தென்சென்னை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்தத் தாலுகா நகரத்தைச் சுற்றிக்கொண்டு வடக்கே திருவொற்றியூர் வரை இருந்தது. நீங்கள் தேடும் ஊர் எங்கள் பக்கத்திலேயே இருக்கலாம்.

இந்தியாவில் அவருடைய பிறப்புச் சான்றிதழ் கிடைக்குமா?

1899-க்கு முன் பிறந்தவருக்குப் பெரும்பாலும் கிடைக்காது. சென்னை மாகாணத்தில் பிறப்பு, இறப்புப் பதிவுக்கான சட்டம் அந்த ஆண்டுதான் வந்தது. அதற்குப் பிறகும் கிராமப் பதிவேட்டில் பிள்ளை பெயர் இல்லாமல் "ஆண்" அல்லது "பெண்" என்று மட்டும் எழுதிவைத்த இடங்கள் ஏராளம். பிறப்புச் சான்றிதழுக்காக அலைவதைவிட நில ஆவணத்தைத் தேடுங்கள். நிலவரித் திட்டப் பதிவேடுகளில் பட்டாதாரரின் பெயர் இருக்கும். போனவருக்கு நிலம் இல்லாவிட்டாலும் அண்ணனுக்கோ மாமனுக்கோ ஒரு துண்டு இருந்திருக்கலாம். வட்டாட்சியர் அலுவலகத்திலும் மாவட்ட ஆட்சியரகத்தின் பதிவறையிலும் எழுத்து மூலம் விண்ணப்பித்துக் கேட்க வேண்டும். நிலமே இல்லாத குடும்பம் என்றால் இந்த வழியும் அடைபட்டுவிடும். அப்போது குலதெய்வக் கோயில்தான்.

கிறித்தவக் குடும்பம் என்றால் கதையே வேறு. ஞானஸ்நானப் பதிவேட்டில் பெற்றோர் பெயரும் ஞானப் பெற்றோர் பெயரும் இருக்கும். தோராயமான வருடத்தைக் குறிப்பிட்டுப் பங்குத் தந்தைக்குக் கடிதம் எழுதிவிட்டு அலுவலக நேரத்தில் போங்கள். முஸ்லிம் குடும்பங்கள் பள்ளிவாசல் ஜமாத்தின் நிக்காஹ் பதிவேட்டைக் கேட்கலாம்.

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் என்ன இருக்கிறது?

தமிழ்நாடு ஆவணக் காப்பகம் 1909-இல் கட்டிய சிவப்புக் கட்டடத்தில் இருக்கிறது. அரசாணைகளும் கடிதப் போக்குவரத்தும் கப்பலேறிப் போவோரைக் கண்காணித்த அதிகாரியான குடியேற்றப் பாதுகாப்பாளரின் ஆண்டறிக்கைகளும் அங்கே கிடைக்கும். எந்த வருடம் எத்தனை பேர், எந்த ஜில்லாவிலிருந்து, எந்தக் கப்பலில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதெல்லாம் தெரியும். உங்கள் பாட்டன் பெயர் தனியாக வருவது அபூர்வம். அவர் போன காலத்தின் நிலைமையைத் தெரிந்துகொள்ளப் போங்கள். பெயர் தேடிப் போனால் ஏமாற்றம்தான்.

தாத்தா "தாது வருஷம் போனார்" என்கிறார்கள். அது எந்த ஆண்டு?

தமிழ் வருடங்கள் அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வரும். தாது என்றால் 1876-77 அல்லது 1936-37. பிள்ளைகளின் வயதை வைத்து எது என்று முடிவு செய்யுங்கள். பர்மா தாள்களில் பர்மிய ஆண்டு இருக்கும். அதோடு 638-ஐக் கூட்டுங்கள். 1300 என்றால் 1938.

நாங்கள் பர்மாவிலிருந்து வந்த குடும்பம், வியாசர்பாடியில் இருக்கிறோம். எங்களுக்கு இரண்டு தேடல்: அங்கே உள்ள ஆவணம் ஒன்று, அதற்கும் முந்திய ஊர் இன்னொன்று.

இரண்டாவது தேடலுக்கான பதில் பல நேரம் முதலாவதற்குள்ளேயே இருக்கும். 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு நடந்தே வந்தவர்களிடம் தாள் எதுவும் இருக்காது. 1964-இல் நே வின் அரசு கடைகளைத் தேசியமயமாக்கிய பிறகு கப்பலில் வந்தவர்களிடம் பயண ஆவணம் இருந்தது. இந்தியாவில் எந்த ஊர் என்ற கேள்விக்கு அதில் பதில் எழுதியிருப்பார்கள். பர்மாவில் வெளிநாட்டவராகப் பதிந்த சான்றிதழ் இருந்தால் இன்னும் நல்லது, புகைப்படமும் தகப்பன் பெயரும் இருக்கும்.

வீட்டில் எதுவும் இல்லையென்றால் சேப்பாக்கம் எழிலகத்தில் உள்ள மறுவாழ்வுத் துறையில், தாயகம் திரும்பியோர் என்ற முறையில் குடும்பத்துக்கு அன்று கொடுத்த உதவி பற்றிய பதிவைக் கேட்டு எழுதுங்கள். பர்மா பஜாரில் கடை ஒதுக்கீடு, கடன், வீட்டுமனை இப்படி எதற்காவது தாத்தா விண்ணப்பித்திருப்பார். தாயகம் திரும்பியோருக்காக 1969-இல் தொடங்கிய ரெப்கோ வங்கியில் அவர் உறுப்பினராக இருந்திருந்தால் அந்தப் பங்குத் தாளும் ஒரு சாட்சி.

பர்மிய எழுத்தில் உள்ள தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். படிக்கத் தெரிந்த பெரியவர்கள் நம் பகுதியிலேயே இன்னும் இருக்கிறார்கள். இரண்டாம் கடற்கரைச் சாலையில் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் விற்கும் கடைகளில் விசாரித்தாலே யாரையாவது காட்டுவார்கள். அவர்கள் இருக்கும்போதே படித்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள். இன்னொன்று: அங்கே பலருக்குத் தமிழ்ப் பெயரோடு பர்மியப் பெயரும் இருந்தது. இரண்டையும் வைத்துத் தேடுங்கள்.

ஊருக்கு நேரில் போகிறோம். என்ன கவனிக்க வேண்டும்?

நிலம் கேட்டு வரவில்லை என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து பங்காளி வந்திருக்கிறான் என்றதும் ஊரில் முதலில் வரும் பயம் அதுதான். அந்தப் பயம் இருக்கும்வரை யாரும் எதையும் நினைவுபடுத்திச் சொல்ல மாட்டார்கள். தாளின் நகலையும், பெயர்களைத் தமிழில் எழுதிய ஒரு பக்கத்தையும் கொண்டு போங்கள். பூசாரி, பழைய தலையாரி குடும்பம், பள்ளி ஆசிரியர், டீக்கடை, இந்த வரிசையில் கேட்டுப் பாருங்கள். குலதெய்வக் கோயிலில் ஆடி மாதம் கூட்டம் கூடும்போது போனால் பங்காளிகள் எல்லோரையும் ஒரே நாளில் பார்க்கலாம்.

முதல் நாளே உறவு கொண்டாடிப் பணம் கேட்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். அதே ஊர், அதே பெயர் என்பதாலேயே அவர் உங்கள் சித்தப்பா ஆகிவிட மாட்டார். தாளில் உள்ள தகப்பன் பெயரை நீங்கள் சொல்லாமல், அவரைச் சொல்லவிடுங்கள். "முழுத் தொகை முன்பணமாகக் கொடுங்கள், வம்சாவளி தயார்" என்று சொல்லும் இடைத்தரகர்களை விட்டுவிடுங்கள். மூல ஆவணத்தின் நகலைக் காட்டாத எந்த வம்சாவளியும் வெறும் கதை.

மரபணுச் சோதனை செய்தால் ஊர் தெரியுமா?

தெரியாது. உங்களைப் போலவே கப்பலேறியவர்களின் வாரிசுகள் உறவாக வருவார்கள். கிராமத்தில் இருப்பவர்கள் அந்தச் சோதனையைச் செய்திருப்பது அபூர்வம்.

இந்தத் தாள்களை வைத்து ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கு இந்திய அரசு தரும் அட்டை) வாங்கலாமா?

பொது விதி இது: 1950 ஜனவரி 26-இல் அல்லது அதற்குப் பிறகு இந்தியக் குடிமகனாக இருந்தவர், அல்லது அந்த நாளில் குடிமகன் ஆகத் தகுதி பெற்றிருந்தவரின் பிள்ளை, பேரப்பிள்ளை, கொள்ளுப்பேரப்பிள்ளை வரை விண்ணப்பிக்கலாம். மொரீசியஸ்காரர்களுக்கு 7-ஆம் தலைமுறை வரை தளர்த்துவதாக 2024 மார்ச்சில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு அங்கே அறிவித்தார். உங்கள் நாட்டு இந்தியத் தூதரகம் எந்தத் தாளை ஏற்கும் என்று கேட்டுக்கொண்டு, குடியேற்றப் பதிவின் சான்றொப்பமிட்ட நகலை வாங்குங்கள். சாதாரண நகல் போதாது.

தேடிப் போன ஊரே இப்போது இல்லையென்றால்?

அப்படியும் நடக்கிறது. 1934-இல் மேட்டூர் அணையும் 1944-இல் பூண்டி ஏரியும் வந்தபோது கிராமங்கள் தண்ணீருக்குள் போயின. பூண்டியில் திருவெண்பாக்கத்துப் பழைய சிவன் கோயிலையே இடம் மாற்றிக் கட்டினார்கள். ஊர் போனாலும் சனம் எங்கோ குடியேறியிருக்கும், தங்கள் சாமியையும் எடுத்துப் போயிருக்கும். எனவே ஊர் பெயரை விட்டுவிட்டுக் குலதெய்வத்தின் பெயரைச் சொல்லி, நீர்ப்பிடிப்புப் பகுதிக்கு வெளியே உள்ள சுற்று ஊர்களில் விசாரியுங்கள். நிலம் எடுத்ததற்கு இழப்பீடு வாங்கியவர்களின் பெயர்களை மாவட்ட ஆட்சியரகத்தின் பழைய நில எடுப்புக் கோப்புகளில் கேட்டுப் பாருங்கள்.